திவசத் திதி: இரண்டு பஞ்சாங்கம், இரண்டு நாள்

அப்பாவின் தேய்பிறை அஷ்டமித் திவசம் பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் மறுநாள். மகனோ ‘எல்லாம் பொய்’ என்கிறார் என எழுதியிருந்தீர்கள். பொய்யில்லை. சந்திரன் சூரியனை விட்டு விலகும் ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. வாக்கியத்தின் பழைய வாய்பாட்டில் சந்திர ஓட்டத்துக்கான சில திருத்தங்கள் இல்லை. பௌர்ணமி, அமாவாசையில் அது பெரிதாகத் தெரியாது. அஷ்டமியை ஒட்டித்தான் நாலைந்து மணித்தியாலம்வரை பிசகும்.

மகனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருள், இடம் கொழும்பு, நேரம் பிற்பகல் இரண்டரை. சந்திரன், சூரியன் இரண்டினதும் இராசிவட்டத் தீர்க்காம்சத்தை (ecliptic longitude, பாகையில் வரும்) எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் வரும் எண் (right ascension) உதவாது. பார்வை மையத்தைப் பூமியின் நடுவுக்கு மாற்றாவிட்டால் சந்திரன் ஒரு பாகைவரை தள்ளிக் காட்டும், இரண்டு மணித்தியாலம் பிழைக்கும். சந்திரன் 300, சூரியன் 25 என்றால் வித்தியாசம் 275. 276 வரை தேய்பிறை அஷ்டமி. கழித்தது மைனஸ் ஆனால் 360 கூட்டுங்கள். அயனாம்சம் (மேற்கத்திய, இந்திய இராசிக் கணக்குகளுக்கு இடையிலான வித்தியாசம்) இங்கே தேவையில்லை, கழிக்கும்போது அடிபட்டுவிடும்.

வானத்தைப் பொறுத்தவரை திருக்கணிதமே சரி. ஆனால் திவசம் உங்கள் குடும்பத்தின் கடமை; அப்பா தன் தகப்பனுக்கு எந்தப் பஞ்சாங்கப்படி செய்தாரோ அதையே குருக்களிடம் சொல்லுங்கள். வருடத்துக்கு வருடம் மாற்றாதீர்கள்.