ஏழு கறுப்புச் சட்டை

அன்புள்ள சார்,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் பழைய துணிகளின் படத்தைப் போன மாதம் பார்த்தேன். அன்று இரவே பீரோவைத் திறந்து எண்ணினேன். சேலை 43, சுடிதார் 28, டி-ஷர்ட் 31. வெட்கமாகிவிட்டது. மூன்று மூட்டை கட்டி ஓர் இல்லத்துக்குக் கொடுத்தேன். மனசு லேசானது. டி-ஷர்ட்டில் கறுப்பு ஏழு மட்டும் வைத்துக்கொண்டேன், எதற்கும் பொருந்தும் என்று. ஆனால் பத்தே நாளில் மறுபடி இரண்டு வாங்கிவிட்டேன். பொருள் சேர்ப்பது மனித இயல்பா? ஒருவருக்கு எத்தனை உடை போதும்? குறைந்த பொருளோடு வாழச் சொல்லும் மினிமலிசம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உட்கார்ந்து எண்ணினீர்களே, அதுவே பெரிய விஷயம். நம்மில் பலர் பீரோவைத் திறப்பது இன்னொன்றைத் திணிக்கத்தான். உங்கள் கடிதம் வந்த அன்று நான் நொய்யல் ஆற்றின் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போய்விட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மினிமலிசத்தை விடுங்கள். வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு தொட்டிச் செடி, அதுவும் இன்று கடையில் விற்கிற சரக்குதான்.

மனித இயல்பா என்கிறீர்கள். இயல்புதான், அதிலென்ன சந்தேகம்? எங்கள் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியபோது பச்சைக்கல், படிகம், சூதுபவளம் என்று மணிமணியாகக் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அந்த ஊரில் கல்லைப் பட்டை தீட்டித் துளை போட்டுக் கோத்திருக்கிறார்கள். செத்தவர்களோடும் மணிகளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அழகான பொருள்மேல் அவ்வளவு ஆசை. அந்த ஆசையால் நொய்யல் சாகவில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ‘மனசு லேசானது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த படத்தில் இருக்கும் துணிகள் எப்படி அந்தப் பாலைவனத்துக்குப் போயின என்று யோசித்தீர்களா? பல நாடுகளிலிருந்து பழைய துணியும் விற்காத துணியும் கப்பலில் வந்து இக்கிக்கே துறைமுகத்தில் இறங்குகின்றன. விலை போனது போக மிச்சத்தை மணலில் கொட்டிவிடுகிறார்கள். உங்களைப் போல நல்ல மனதோடு மூட்டை கட்டிக் கொடுத்தவர்களின் துணியும் அந்தக் குவியலில் இருக்கிறது. அவர்களுக்கும் அன்றைக்கு மனசு லேசாகித்தான் இருக்கும். உங்கள் பீரோவில்தான் இடம் கிடைத்தது. வேறு எதுவும் குறையவில்லை. பத்து நாளில் அந்த இடமும் நிரம்பிவிட்டது.

சரி, அந்த ஏழு கறுப்புச் சட்டைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

பருத்தித் துணி சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. தண்ணீருக்குள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு என்று போகப் போக உப்பு ஏறும். கறுப்புக்கு ஒரு லிட்டர் சாயத்தண்ணீரில் 80 கிராம்கூடப் போடுவார்கள். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். இவ்வளவு போட்டும் உப்பு துணியில் தங்குவதில்லை, சாயத்தை ஏற்றிவிட்டுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலில் கலர் கலராகத் தண்ணீர் ஓடியதைப் பேப்பர்களில் படம் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் நிறத்தைப் பார்த்துப் பதறினார்கள். எங்கள் காடுகழனியைக் கெடுத்தது உப்பு. அதைப் படம் பிடிக்க முடியாது.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக வந்தது. அணைக்குக் கீழே என் அப்புச்சிக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, மூன்று ஏக்கர். வாய்க்காலில் தண்ணீர் வரும், வாழை வைக்கலாம் என்று கன்றுக்குச் சொல்லிவைத்திருந்தார். சில வருடத்திலேயே அணை சாயக்கழிவு நிற்கிற தொட்டியாகிவிட்டது. அது கசிந்து கிணற்றுக்கு வந்தது. தண்ணீர் கீழே இறங்க இறங்கப் படிக்கட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், யாரோ சுண்ணாம்பு தீட்டியதுபோல. நான் பத்தாவது படித்த வருடம், ஒரு சாயங்காலம், அப்புச்சி தொட்டியில் தண்ணீர் விட்டுக் காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது வாயை வைத்தது. மூக்கால் ஒரு தடவை ஊதியது. தலையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றது. அப்புச்சி இரண்டு கையாலும் அள்ளி வாயில் ஊற்றித் துப்பினார். தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, “மாட்டுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார். அதற்கப்புறம் மஞ்சள் பயிர் இலை நுனியிலிருந்து கருகியது. தென்னையில் குரும்பை நிற்கவில்லை.

அப்போது என் மாமா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலையில் இருந்தார். அதுவரை எனக்கும் தம்பிக்கும் வருடத்துக்கு இரண்டு சட்டை, தீபாவளிக்கு ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று. மாமா வேலைக்குப் போனபிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் மூட்டை நிறைய செகண்ட்ஸ் பனியன் கொண்டுவருவார். ஆளுக்கு ஏழெட்டு வந்தது. அதில் ஒன்று கறுப்பு. நெஞ்சில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, தோள் தையல் கோணலாகப் போயிருக்கும். காளை தலையைத் தூக்கிக்கொண்ட அன்றைக்கு நான் போட்டிருந்தது அந்தச் சட்டைதான். அப்புச்சி அதன் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, “துணி நல்லாருக்குது கண்ணு” என்றார். அந்தச் சட்டையையும் அந்தக் கிணற்றையும் எங்கள் வீட்டில் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். எனக்கு அது புரிய இன்னும் பல வருடம் ஆனது. அதற்குள் அப்புச்சி போய்விட்டார்.

2011 ஜனவரி 28-ம் தேதி திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்ததன் பலன் அது. மாமா மாதிரி எத்தனையோ பேருக்கு வேலை போனதும் அன்றுதான், அதையும் சொல்ல வேண்டும். இப்போது கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது. வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் தனித்தனியாக மீட்கிறார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு ஒன்று கடைசியில் மிஞ்சுகிறது. அதை மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். அந்த மூட்டையை எந்த இல்லத்துக்குக் கொடுப்பது?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் விழுந்த இரண்டு ஆறுகளையும் 1960-களிலிருந்து பருத்திக் காட்டுக்குத் திருப்பினார்கள். ஏரி வற்றியது. இன்று அந்தக் காய்ந்த தரையிலிருந்து காற்று உப்பை வாரிக்கொண்டு போய் வயல்களில் போடுகிறது.

எத்தனை போதும் என்று எண் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை அம்மிணி, மெய்யாகவே தெரியவில்லை. சேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அம்மா கொடுத்ததும் மாமியார் வைத்ததும் அதில் இருக்கும். அந்த ஏழு சட்டையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதற்கான உப்பு எங்கேயோ ஒரு மண்ணில் என்றைக்கோ இறங்கிவிட்டது. கழுத்து நைந்து, நிறம் சாம்பலாகும்வரை நீங்களே போடுங்கள். அப்புறம் அடுப்படியில் கரித்துணியாகக் கிடக்கட்டும். எட்டாவதை எடுக்கக் கை போகும்போது அந்தக் காளை ஞாபகத்துக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். சென்னிமலையிலிருந்து பக்கம்தான். கிணற்றை முள் மூடிக் கிடக்கிறது, ஆனாலும் ஒரு பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம். கூட்டிப்போய்க் காட்டுகிறேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

அன்புடன்.