முதலில் தலையணையை எடுங்கள்: முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கான கேள்வி பதில்

மதுரையில் 22 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் முட்டி ஆபரேஷன் முடிந்தவர்கள். சந்தேகங்களைக் கேட்கச் சொன்னேன், குவிந்துவிட்டன. பயிற்சி பற்றிக் கேட்டவற்றுக்குச் சொல்கிறேன். மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி நல்லது என்பதெல்லாம் என் வேலையில் வராது. அவற்றை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 66 வயது. வலது முட்டி மாற்றி 12 நாள் ஆகிறது. காலுக்கடியில் தலையணை இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். 70 டிகிரி மடங்குகிறது. போதுமா மேடம்?

மடங்குவதை அப்புறம் பார்க்கலாம்மா. முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள்.

வீங்கிய மூட்டுக்கு லேசாக மடங்கியிருந்தால் சுகமாக இருக்கும், உள்ளே இறுக்கம் குறையும். அதனால்தான் அம்மா தலையணை கேட்கிறார். ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கச் சவ்வும் தொடையின் பின்தசையும் சுருங்கி இறுகிவிடும். பிறகு கால் நேராகாது. நேராகாத காலில் நிற்கும்போது தொடைத் தசைக்கு ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. நடை சாயும், கொஞ்ச நாளில் இடுப்பும் அடுத்த முட்டியும் வலிக்கத் தொடங்கும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் சமாளிக்கலாம். நீட்டுவதில் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

ஒன்று செய்து பாருங்கள். அம்மாவைக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாக உள்ளே போனால் இன்னும் நேராகவில்லை. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் அல்ல. முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையிலேயே இறங்கும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. பிறகு துண்டை எடுத்துவிட்டு, முட்டியால் மெத்தையை அழுத்தச் சொல்லுங்கள். அவர் தொடை மேல் உங்கள் கையை வைத்தால் தசை கெட்டியாவது தெரியும். ஐந்து எண்ணும் வரை அழுத்திவிட்டு விட வேண்டும், ஒரு தடவைக்கு பத்து முறை. இந்தத் தசை ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அடுத்த ஆறு மாதத்து வேலை.

70 டிகிரி கொஞ்சம் பின்தங்கல்தான், பயப்பட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் தேய்த்தபடி பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை எவ்வளவு போகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.

கரூர்: அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி 9 நாள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலிக்கிறது, சூடாகவும் இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

உருவவே கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்கு அழைத்துப் போங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற கேள்விகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

ஈரோடு: மொத்தம் எத்தனை டிகிரி வந்தால் போதும்?

சமதரையில் நடக்க சுமார் 65. படி ஏறி இறங்க 85 முதல் 90. தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 100 பக்கம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 110 வந்தால் அன்றாட வேலை எல்லாம் ஓடும். நீட்டும்போது 0 வர வேண்டும், அதாவது கால் முழுக்க நேராக.

தஞ்சாவூர்: காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கவா?

வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மடங்குவதில் அந்த மெஷினால் கிடைத்த கூடுதல் பலன் இரண்டு டிகிரி அளவுதான். நோயாளிக்குத் தெரியாத வித்தியாசம் அது. மெஷின் காலை ஆட்டும், தசையை வேலை வாங்காது. அந்தப் பணத்துக்கு நல்ல கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றும், பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பியும் போடுங்கள்.

விருதுநகர்: முட்டிக்கு வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. நடந்தால் 'டக் டக்' என்று சத்தமும் வருகிறது.

கீறும்போது தோலுக்குப் போகும் சிறு நரம்புக் கிளை வெட்டுப்படும், அதனால் அந்த மரமரப்பு. நாளாக ஆகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நிற்கும். சத்தம், புது மூட்டில் உள்ள உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது. வலி இல்லையென்றால் விட்டுவிடலாம்.

திண்டுக்கல்: படியில் எந்தக் காலை முதலில் வைப்பது?

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கையில்.

காரைக்குடி: அம்மாவால் தரையில் உட்காராமல் இருக்க முடியாது. சம்மணம் போடலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஓர் அம்மா மல்லிகைப் பூ கட்டிப் பிழைப்பவர். 40 வருடமாகத் தரையில் உட்கார்ந்து, மடியில் முறம், கட்டைவிரலில் நார் சுற்றி வேலை. 'தரையில் உட்கார முடியாவிட்டால் எனக்கு எதுக்குக் காலு' என்று முதல் நாளே அழுதார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணை உயரத்துக்கு ஒரு பெஞ்சு, அதே உயரத்தில் பூக்கூடை வைக்க ஒரு ஸ்டூல் போட வைத்தோம். இன்றும் அதில் உட்கார்ந்துதான் கட்டுகிறார்.

சம்மணம் போட முட்டி 120 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், கூடவே முறுக்கவும் வேண்டும். அவ்வளவு மடங்கும்போது உலோகம் பிளாஸ்டிக் தட்டின் பின்விளிம்பில் போய் அமரும், பாரம் ஒரே இடத்தில் இறங்கும். அதனால்தான் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

சிவகங்கை: என் அத்தைக்கு ஆபரேஷன் ஆகி 4 வருடம். சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

அத்தை நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். ஆபரேஷனுக்கு முன்பே அவருக்கு முட்டி நன்றாக மடங்கியிருக்கும். முன்னால் எவ்வளவு மடங்கியதோ, பின்னாலும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். ஆனால் பிளாஸ்டிக் தேய்வது 4 வருடத்தில் வெளியே தெரியாது. அவருடைய டாக்டர் எக்ஸ்ரே பார்த்து 'போடலாம்' என்று சொல்லியிருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்கள் அத்தையைப் பார்த்து, 95 டிகிரி மட்டும் வரும் இன்னொருவர் தரையில் இறங்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

சென்னை: அதற்குத்தானே அதிகமாக மடங்கும் 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டு வைக்கிறார்கள்?

சாதாரண மூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் நோயாளிக்குத் தெரியும்படியான வித்தியாசம் பெரிதாக வரவில்லை. விலையையும் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்தபோது கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்த சாதாரண மூட்டுக்கு 54,720 ரூபாய், ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், வரி தனி. இந்த மூட்டு வைத்தால் சம்மணம் நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இளையான்குடி: தொழுகையில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தா செய்யலாமா அக்கா?

மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடாது. தழும்பின் மேல் பாரம் விழுவதால் பலருக்குக் கூசும், வலிக்கும். காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு கனமான விரிப்பில் பழகிப் பாருங்கள். அதுவரை நாற்காலியில் தொழுங்கள்.

இவ்வளவு பேர் தரையைப் பற்றியே கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் உட்காரப் பழகாவிட்டாலும் தரையிலிருந்து எழப் பழகியே ஆக வேண்டும். என்றைக்காவது விழுந்தால் வேண்டும். ஆடாத கட்டில் அல்லது ஸ்டூல் பக்கம் தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, கையால் தள்ளி எழ வேண்டும். மூன்றாவது மாதம் வாக்கில் ஒரு பிசியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

நாமக்கல்: 20 நாள் ஆகிறது, 85 டிகிரி. போதுமா?
கும்பகோணம்: ஒரு மாதம் ஆகிறது, 95. போதுமா?
தேனி: 92 வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 115. என்ன செய்வது?

ஈரோட்டுக்காரருக்கு மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். மூன்று பேரில் ஒருவர்கூட கால் நேராகிறதா என்று எழுதவில்லை. அதைச் சொல்லாமல் மடங்கும் கணக்கை மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாதீர்கள், போன வாரத்து உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். மூன்று பேர் வீட்டிலும் தலையணை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழனி: 10 வாரம் ஆகியும் 75-ஐத் தாண்டவில்லை.

இதைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்யப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது, 12 வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம்.

சேலம்: வருகிற பிசியோ அலற அலற மடக்குகிறார். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

இல்லை. இழுக்கும் வலி இருக்கும், அலறும் அளவுக்கு இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் வலி பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அதிகம் செய்திருக்கிறீர்கள், பாதியாகக் குறையுங்கள். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள்.

ராமநாதபுரம்: வீட்டுக்குப் பிசியோ வரவழைக்க வசதியில்லை.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு.

திருச்சி மகள் மறுபடியும்: மேடம், வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை மணிக்கட்டு வரை போகிறது. தலையணையை எடுத்ததும் அம்மா திட்டுகிறார்.

திட்டட்டும்மா. ராத்திரி முழுக்கக் கஷ்டமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இரண்டு காலுக்கும் நடுவே முட்டியிலிருந்து கணுக்கால் வரை நீளமாகத் தலையணை கொடுங்கள், ஆபரேஷன் கால் மேலே, முடிந்தவரை நீட்டியபடி. காலையில் டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துத் துண்டுச் சுருளை ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கையை நுழைத்துப் பார்த்து, விரல் வரையா, மணிக்கட்டு வரையா என்று எழுதுங்கள்.