டிரம் நிரம்பிய பிறகு தண்ணீர் எங்கே போகும்? – மாடி மழைநீர்: கேள்வி பதில்

மொட்டை மாடி மழைநீரை டிரம்மில் பிடிப்பது பற்றிச் சென்னையின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. குழாய் வேலையும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கசிவுக் குழி வேலையும் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கம், தனி வீடு: சார், எங்கள் மாடி ஆயிரம் சதுர அடி. 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். செய்தித்தாளில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 930 லிட்டர் விழும். மாடித் தளத்து ஓடு உறிஞ்சியது, தெறித்தது, ஆவியானது போக முக்கால் பங்குக்கு மேல் குழாயில் இறங்கும். அதாவது மூன்று மில்லிமீட்டர் தூறலில் உங்கள் டிரம் நிரம்பிவிடும். பத்து சென்டிமீட்டர் கொட்டுகிற நாளில் இந்த ஒரு மாடிக்கே நாற்பது டிரம் அடுக்க வேண்டும்.

ஆகவே ஒன்றா இரண்டா என்பது இரண்டாவது கேள்வி. நிரம்பி வழிகிற தண்ணீருக்கு வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நான் போகிற வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இது: மாடியிலிருந்து நான்கு அங்குலக் குழாய் டிரம்முக்குள் வருகிறது, வழிந்தோட அரை அங்குலத் துளை. பெருமழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரமாகவே கொட்டும். உள்ளே வரும் குழாய் எவ்வளவோ அதே அளவில் வெளியேறும் குழாயும் இருக்கட்டும். அதன் மறுமுனை கிணற்றிலோ கசிவுக் குழியிலோ முடியட்டும்.

திருவான்மியூர்: மூன்று மில்லிமீட்டரில் நிரம்பும் என்றால் டிரம் எதற்கு ஐயா? நேரே கிணற்றுக்கே விட்டுவிடலாமே?

விடலாம். கடலோர மணல்வாகு உங்களுடையது; உறை கிணற்றில் விட்டால் நிலத்தடி நீர் ஏறும், உப்பும் மட்டுப்படும். கையில் ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கிணற்றுக் குழாய்க்கே போடுங்கள்.

ஆனால் டிரம் பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் அது நிரம்பியே நிற்கும். செடிகளுக்கும் அப்போது தண்ணீர் வேண்டாம். டிரம் உழைக்கும் காலம் ஆனியிலிருந்து புரட்டாசி வரை. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியோடு அரைமணி நேரம் ஊற்றிவிட்டுப் போகுமே, அந்த மழைக்கு. நிரம்பும், செடிக்கும் வாசல் கழுவவும் தீரும், மறுபடி நிரம்பும். டிரம் வாங்குகிறவர்கள் எல்லாரும் தீபாவளி நெருங்கியபிறகு கடைக்கு ஓடுகிறார்கள். வைகாசியிலேயே வாங்க வேண்டிய பொருள் அது.

கே.கே.நகர்: எங்கள் வீட்டில் கசிவுக் குழி இருக்கிறது. மழை பெய்தால் குழியே குளமாகிவிடுகிறது. மூடிவிடலாமா?

மூட வேண்டாம். உங்கள் பக்கம் களிமண். நாலடிக் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் அது தொட்டிதான், கசியாது. குழியின் நடுவில் துளையிட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும்வரை துளைக்குழாய் இறக்க வேண்டும். ஏற்கெனவே அப்படி இறக்கியிருந்தால் மேலே உள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். வண்டல் படிந்து அடைத்திருக்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் வெட்டிய குழிகளில் எத்தனையோ அதன்பிறகு திறக்கப்படவே இல்லை. அரசாங்கத்தைக் குறைசொல்வதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

பெரம்பூர்: அண்ணா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. டிரம் வைத்தால் டெங்குக் கொசு வரும் என்று மாமியார் வேண்டாம் என்கிறார்.

உங்கள் மாமியார் சொல்வது நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயில் நைலான் வலை கட்டுங்கள். இதை எல்லாரும் செய்கிறார்கள். வழிந்தோடும் குழாயின் வாயை மறந்துவிடுகிறார்கள். கொசு அந்த வழியாக உள்ளே போகும். அங்கும் வலை வேண்டும். வாரம் ஒருமுறை முழுவதும் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போகாது. வாரா வாரம் தேய்க்க ஆள் இல்லையென்றால் டிரம்மே வேண்டாம்.

மயிலாப்பூர்: தம்பி, எனக்கு எழுபது வயது. அந்தக் காலத்தில் முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்போம்; பருப்பு பூப்போல வேகும். டிரம் தண்ணீரைக் குடிக்கலாமா?

பருப்பு வெந்ததற்குக் காரணம் இருக்கிறது அம்மா: மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. சோப்பு நுரைப்பதும் அதனால்தான். ஆனால் உங்கள் முற்றத்தில் நீங்கள் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைத்தானே பிடித்திருப்பீர்கள்? அதுதான் சூட்சுமம். இப்போது மாடியில் புறா எச்சம், புகைக்கரி, காகம் போட்ட எலும்பு எல்லாம் கிடக்கின்றன. முதல் மழையில் கால்மணி நேரத் தண்ணீரைக் குழாயைத் திருப்பி வெளியே விடுங்கள். அதன்பிறகு பிடிப்பதும் செடிக்கு, துணிக்கு, தரைக்கு. குடிக்க வேண்டாம்.

ஆவடி: பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

முன்பு அதில் என்ன இருந்தது என்று கடைக்காரர் தெளிவாகச் சொன்னால் மட்டும். ரசாயன வாடை வந்தால் வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம்மில் பாசி பிடிக்கும். நீலமோ கறுப்போ நல்லது. தண்ணீர் பிடிக்கும் குழாயை டிரம்மின் அடிப்பாகத்தை ஒட்டி வைக்காமல் நான்கு விரற்கடை மேலே வையுங்கள். வண்டல் கீழே தங்கிவிடும். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். வாளி நுழையும் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, அது சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வேளச்சேரி, அடுக்குமாடி: பால்கனிக்கு மேலே உள்ள சன்ஷேடில் வைக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன எடையைப் பாருங்கள். சங்கக் கூட்டத்தில் பேசி, மாடிக் குழாய்களைத் தரைக்கடியில் உள்ள சம்ப்புத் தொட்டிக்கோ பொதுக் கிணற்றுக்கோ வடிகட்டித் தொட்டி வழியாகத் திருப்பச் சொல்லுங்கள்.

அசோக் நகர்: டிரம் நிரம்பினால் வழிகிற தண்ணீரைப் பாதாளச் சாக்கடைக்குப் போகும் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடலாம் என்கிறார் எங்கள் பிளம்பர்.

பிளம்பரை மாற்றுங்கள். பாதாளச் சாக்கடை, வீட்டுக் கழிவுநீரின் அளவுக்குப் போட்டது. தெருவில் பத்து வீட்டு மாடித்தண்ணீர் அதில் இறங்கினால், தாழ்வான வீட்டுக் கழிவறை வழியாக அது மேலே வரும். மழை நாளில் தெருவில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணூர்: புயல் எச்சரிக்கை வந்தால் டிரம்மைக் காலிசெய்து வைப்பதா, நிரப்பி வைப்பதா?

நிரப்பியே வையுங்கள். காலி டிரம் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைக்கும். மின்சாரம் போய் மோட்டார் ஓடாத இரண்டு நாளில் கழிவறைக்கு அந்தத் தண்ணீர் ஆகும்.