எருக்கு இல்லாத ஊரில் பட்டாம்பூச்சி

தம்பி, கொண்டலாம்பட்டியிலிருந்து டொரண்டோ பக்கம் குடிவந்து இதுதான் முதல் கோடை என்று எழுதியிருந்தீர்கள். மே மாதம் 100 டாலருக்குப் பூச்செடி வாங்கி நட்டதாகவும், ஆகஸ்ட் பாதி தாண்டியும் ஒரு பட்டாம்பூச்சியோ தேனீயோ எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொன்னீர்கள். "ஊரில் எதுவும் செய்யாமலே வருமே அக்கா, இங்கே என்ன குறை?" என்று கேள்வி வேறு. 22 வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடு புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான். இப்போது லீவில் ஏற்காடு வந்து, நாகலூர் ரோட்டில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாதிப் பதில் இங்கேயே கண்ணுக்கு முன்னால் பறந்துகொண்டிருக்கிறது.

ஊரில் எதுவும் செய்யாமல் விட்டதால்தான் வந்தன, தம்பி. உங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் எருக்கு மண்டிக் கிடந்திருக்கும். வெந்தய நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி அதைச் சுற்றிச் சுற்றி வருமே, அதற்கு வெந்தய வரியன் என்றே பெயர். எருக்கிலையில்தான் முட்டை வைக்கும். கிணற்றடிக் கறிவேப்பிலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குச்சியால் தொட்டால் நெளியும், அது புழு. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளிக்காட்டுக்குப் போயிருந்தால் இலைக்கு அடியில் வெள்ளிக் குண்டுமணி போலக் கூட்டுப்புழு தொங்குவதும் தெரிந்திருக்கும். கறுப்பு இறகில் ஓரமாக வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சி அதிலிருந்து வரும். இத்தனைக்கும் அரளிப்பூவில் தேனே கிடையாது. அது அங்கே வந்தது இலைக்காக.

நீங்கள் வாங்கிய பெட்டூனியாவையும் பிகோனியாவையும் குறை சொல்லவில்லை, வாசலுக்கு அழகுதான். ஆனால் அவற்றில் புழு தின்ன இலையும் இல்லை, பூச்சி குடிக்கத் தேனும் பெரிதாக இல்லை. அடுக்கடுக்காக இதழ் வைத்த செண்டுமல்லியும் அப்படித்தான், தேனீ உள்ளே நுழைய வழியில்லாமல் திரும்பிப் போய்விடும். ஒற்றை அடுக்குச் செண்டுமல்லி இருந்தால் அதை வையுங்கள்.

முதலில் இலை விஷயம். அந்த ஊர் எருக்கு எது என்றால் மில்க்வீட். சும்மா சொல்லவில்லை, இரண்டும் ஒரே குடும்பம். கிள்ளினால் அதே வெள்ளைப் பால். கண்ணில் பட்டால் அதே எரிச்சல், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். நம் வெந்தய வரியனின் பங்காளிதான் அங்கே மோனார்க். அதன் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் மில்க்வீட்டைக் களையென்று சட்டப் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள், 2014-ல்தான் எடுத்தார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது இன்னும் அதைக் களையென்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் முதல் மில்க்வீட்டை ஒரு கடையில் வாங்கினேன். பத்து நாளில் ஐந்து புழு, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டுக்கொண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் ஐந்தும் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தன. வளர்த்த இடத்திலேயே செடிக்குள் ஏறுகிற பூச்சிமருந்து போட்டிருக்கிறார்கள், விசாரித்த பிறகுதான் தெரிந்தது. சின்னவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதிலிருந்து எந்தச் செடி வாங்கினாலும் மருந்து போட்டதா என்று கேட்காமல் காசை எடுப்பதில்லை. கேட்க வெட்கப்படாதீர்கள், பதில் சொல்ல மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு மூலையில் சதகுப்பை போடுங்கள். அங்கே டில் என்பார்கள். பார்ஸ்லியும் ஆகும். கறுப்பு ஸ்வாலோடெயில் என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கும். குழம்புக்குப் பாதி, புழுவுக்குப் பாதி.

சரி, இப்போது பூ. ஜூலைக்குப் பிறகு அந்த ஊர்த் தோட்டங்கள் பாதி காலியாகிவிடும், பசி அதிகமாகிற நேரமும் அதுதான். பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீயின் கூட்டில் பனிக்கு முன் எல்லாம் செத்துப்போகும், புதிதாக இணைசேர்ந்த ராணி மட்டும் மண்ணுக்குள் போய் குளிரைக் கழிக்கும். அது செப்டம்பருக்குள் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும். மோனார்க்கின் கடைசித் தலைமுறையோ அப்போது முட்டை வைக்காது. தேனைக் குடித்து எடை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவின் மலைக்காடு வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறக்கும். எங்கே போகிறது என்று உங்கள் டொரண்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெட் உர்குவார்ட் பல வருடம் இறகில் குட்டிச் சீட்டு ஒட்டி அனுப்பித் தேடினார். 1975-ல்தான் அவருக்காகத் தேடியவர்கள் அந்தக் காட்டைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கமும் சும்மா இல்லை. அரளியில் பார்த்த அந்தக் கறுப்பனும், நீல வரியன் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியும் இந்தச் சேர்வராயன் மலை மாதிரிக் கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே கூட்டமாக வலசை போகின்றன. சின்ன வயதில் பார்த்தபோது காற்றில் சருகு வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அதனால் நர்சரிக்கு இந்த வாரமே போங்கள். ஆஸ்டர், கோல்டன்ராட், செடம் மூன்றும் இப்போதுதான் பூக்கும், பூவோடே வாங்கி நடலாம். கோல்டன்ராட் வேறொன்றுமில்லை, நம் கல்யாண மேடை அலங்காரத்தில் ரோஜாவுக்கு நடுவே சொருகுகிற அந்த மஞ்சள் குஞ்சம். தும்மல் வரும் என்று பயமுறுத்துவார்கள். தும்மலுக்குக் காரணம் அதே நாட்களில் பூக்கிற ராக்வீட் என்ற களை, அதன் மகரந்தம்தான் காற்றில் பறக்கும். கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, பூச்சி காலில் ஒட்டித்தான் போகும். ஆனால் கனடா கோல்டன்ராட் வேரோடிப் பரவும், குத்தாக நிற்கிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே செடி வாங்காமல் மூன்று நான்காகச் சேர்த்து வெயிலில் நடுங்கள், மேலே பறக்கிற பூச்சிக்குத் தெரிய வேண்டுமே. கடைக்காரர் பட்டர்ஃபிளை புஷ் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார். தேன் உண்டு, அங்கத்திய புழுவுக்கு அதனால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. நான் வாங்க மாட்டேன்.

காசில்லாத வழியும் இருக்கிறது. துளசியையும் கொத்தமல்லியையும் பூக்க விடுங்கள். போன செப்டம்பரில் என் துளசித் தொட்டியில் ஒரு பம்பிள்பீ கதிரோடு கதிராகத் தொங்கியபடியே தூங்கிப்போயிருந்தது, முதுகெல்லாம் பனித்துளி. வெயில் ஏறினதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு அடுத்த கதிருக்குப் போனது.

அப்புறம் இந்த மண் விஷயம். அந்த ஊர் நாட்டுத் தேனீக்களில் சுமார் 70 சதவீதம் மண்ணில்தான் வளை தோண்டும். மரச்சக்கையை அடி கனத்துக்குக் கொட்டினால் எங்கே தோண்டும்? வேலியோரம் ஒரு முறம் அகலத்துக்கு மண்ணை வெறுமனே விடுங்கள். அக்டோபரில் தெருவே சேர்ந்து இலை கூட்டும், காய்ந்த தண்டை அறுக்கும். நீங்கள் செடிக்கடியில் இலையைத் தள்ளிவிட்டுச் சும்மா இருங்கள், தண்டை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இதற்கே பெரிய சண்டை. கடைசியில் வாசல் பக்கம் அவருக்கு, பின்பக்கம் எனக்கு என்று பாகம் பிரித்தாயிற்று.

மில்க்வீட் இந்த வருடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதன் விதைக்குக் குளிர்காலம் ஒன்று மேலே போனால்தான் முளைக்கவே தோன்றும், நவம்பரில் மண்ணில் தூவி மூடினால் போதும். செப்டம்பர் நடுவில் திரும்பி வருகிறேன். அக்டோபரில் என் வேலியில் காய் வெடிக்கும், உள்ளே எருக்கம்பஞ்சு மாதிரியே இருக்கும். ஒரு சனிக்கிழமை வாருங்கள். காகிதப் பை கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் விதை பூஞ்சை பிடித்துவிடும். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், பஞ்சை ஊதுவதற்கு ஆள் வேண்டும்.