புகையே இல்லை, அலாரம் மட்டும் ஏன் கத்துகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், வயதான மாமனார் மாமியார் வீட்டில் இருக்கிறார்களே என்று மூன்று புகை அலாரம் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் ஒன்று. ஹாலில் இருப்பது விடியற்காலையில் விட்டுவிட்டு 'கீச்' என்கிறது. சமையலறையில் இருப்பது தாளித்தாலே அலறுகிறது. மாடியில் இருப்பது எப்போது கத்தும் என்றே தெரியவில்லை. எங்கேயும் தீ இல்லை. பேட்டரியைக் கழற்றிப் போடு என்கிறார் மாமனார். கழற்றிவிடலாமா?"

கழற்ற வேண்டாம், அம்மா. தூங்குகிறவர் மூக்கு புகையை உணர்ந்து எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. சத்தம்தான் எழுப்பும். வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுந்து வெளியே வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கத்தான் உங்கள் மகன் இதை மாட்டியிருக்கிறார். அலாரம் காரணமில்லாமல் கத்துவதும் இல்லை. உங்கள் வீட்டில் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணம் இருப்பதாகத் தெரிகிறது.

ஹாலில் இருப்பதை முதலில் பார்ப்போம். புகையைக் கண்டால் அலாரம் காது கிழிய, விடாமல் அலறும். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு முறை 'கீச்' என்று மட்டும் வந்தால் அது தீ எச்சரிக்கை இல்லை. பேட்டரி தீரப் போகிறது என்று சொல்கிறது. விடியற்காலையில் மட்டும் ஏன்? குளிரில் பேட்டரியின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். தீரும் நிலையில் இருக்கும் பேட்டரி, பகல் சூட்டில் எப்படியோ ஒப்பேற்றிவிடும். இரவின் குளிர் உச்சத்தில் இருக்கும் நாலு, ஐந்து மணிக்கு அளவுக்குக் கீழே போய்விடும். அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் இந்தப் புகார் அதிகம். வெயில் ஏறியதும் சத்தம் நின்றுவிடுவதால், தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான அலாரங்களில் 9 வோல்ட் சதுர பேட்டரி இருக்கும். விலை குறைந்ததை வாங்காமல் ஆல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் செய்யும் வகையைப் போடாதீர்கள், சும்மா இருக்கும்போதே அதன் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும். புது பேட்டரி போட்ட பிறகும் 'கீச்' நிற்கவில்லை என்றால், பேட்டரியை எடுத்துவிட்டு டெஸ்ட் பட்டனை 15, 20 விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். புகை அலாரத்தின் ஆயுள் 10 வருடம். கடையில் பல காலம் கிடந்த பழைய சரக்கு வந்திருக்கவும் கூடும்.

சமையலறையில் இருப்பது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, மாட்டிய இடம்தான் தவறு. கடுகும் மிளகாயும் எண்ணெயில் பொரியும்போது எழுவதும் புகைதான். களி கிண்டும்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதும் எழும் நீராவியையும் அது புகை என்றே எடுத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர், அதாவது பத்து அடி தள்ளி, படுக்கையறைக்குப் போகும் வழியில் அதை மாற்றி மாட்டுங்கள். வெந்நீர் ஆவி வெளியே வரும் குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே வேண்டாம். சீலிங் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 1 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் புகையைக் காற்று விரட்டிவிடும். சமையலறைக்குள்ளும் ஒன்று வேண்டும் என்றால் அதற்கென்றே வெப்ப உணர்வி இருக்கிறது. அது புகையைக் கண்டுகொள்ளாது, சூடு ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் கொசுவர்த்தி ஏற்றும்போதும் அலாரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அப்படியும் கத்தினால், பல மாடல்களில் தற்காலிகமாக அமைதிப்படுத்தும் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சில நிமிடம் அடங்கியிருந்து, தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். பேட்டரியைக் கழற்றினால் அப்படி இல்லை, மறுபடி போட மறந்துவிடுவோம்.

அடுத்தது மாடி அறை. இதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இப்போது வீடுகளில் மாட்டப்படும் அலாரங்களில் பெரும்பாலானவை ஒளியால் புகையைக் கண்டுபிடிப்பவை. மூடியின் உள்ளே கருப்பாக ஒரு சின்ன அறை இருக்கும். அதில் ஒரு பக்கம் சிறிய விளக்கு, இன்னொரு பக்கம் ஒளி உணரும் கண். விளக்கின் வெளிச்சம் நேராகக் கண்ணில் படாதபடி கோணம் மாற்றி வைத்திருப்பார்கள். புகை உள்ளே வந்தால் அதன் துகள்களில் வெளிச்சம் சிதறி, கொஞ்சம் கண்ணில் படும். உடனே அலாரம். இதில் சிக்கல் என்னவென்றால், சிதறடித்தது எது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புத் தூசியும் சிதறடிக்கும், ஓட்டடையும் சிதறடிக்கும், உள்ளே நுழைந்த பூச்சியும் சிதறடிக்கும். இப்படி அலறும் அலாரத்தைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் வலையின் ஓரத்தில் கடுகளவு சிலந்தியோ, மழைக்காலத்தில் விளக்குக்கு வந்து இறகு உதிர்த்த பூச்சியின் மிச்சமோ ஒட்டிக்கொண்டிருக்கும். உயிரோடு இருக்கும் பூச்சி என்றால் அது நகரும்போதெல்லாம் அலாரம் வரும், நின்றால் அடங்கும். எப்போது கத்தும் என்றே தெரியவில்லை என்கிறீர்களே, அதற்கு எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் இதுதான்.

சுத்தம் செய்வது எளிது. கரண்டில் ஓடும் வகை என்றால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். வாக்குவம் கிளீனரில் மெல்லிய பிரஷ் மாட்டி, சுற்றிலும் உள்ள துளைகளில் ஓட்டுங்கள். வாக்குவம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் கடையில் தூசி ஊத வைத்திருக்கும் புளோயர் போதும். ஈரத்துணியை உள்ளே விடாதீர்கள். பூச்சி மருந்து ஸ்பிரே அடிக்கவே கூடாது, அந்தப் படலம் கண்ணில் ஒட்டினால் அலாரம் கெட்டுப்போகும். ஒயர் வரும் ஓட்டை பின்னால் திறந்திருந்தால் பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். பூச்சியும் தூசியும் அந்த வழியாகவும் வரும். வெள்ளையடிக்கும்போதோ, பட்டி தேய்க்கும்போதோ பாலிதீன் உறையால் மூடிவைத்து, வேலை முடிந்த அன்றே மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பூச்சி இல்லை, தூசியும் இல்லை என்றால் ஷீட்டைச் சந்தேகப்பட வேண்டும். வீட்டு அலாரங்கள் பெரும்பாலும் 38 டிகிரி வரையிலான சூட்டுக்கென்று செய்யப்பட்டவை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சித்திரை வெயிலில் தகர ஷீட்டின் அடியில் அதைவிடச் சூடு ஏறும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஷீட்டை ஒட்டி நிற்கும் சூடான காற்று, மெதுவாகக் கனியும் தீயின் புகையை மேலே ஏற விடாது. அப்போது கத்த வேண்டிய நேரத்தில் அலாரம் கத்தாது. அந்த அறையில் யாரும் படுப்பதில்லை என்றால், அலாரத்தைப் படிக்கட்டின் மேல்முனையில், கான்கிரீட் கூரையின் அடியில் மாட்டுவதே நல்லது.

வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். ஊதுபத்தியைக் காட்டிப் பார்க்காதீர்கள், அதன் பிசின் உள்ளே படியும். கழற்றும்போது பின்பக்கம் கதிர்வீச்சுக் குறியோ அமெரிசியம் என்ற பெயரோ தெரிந்தால் அது ஒளியால் இல்லாமல், துளியளவு கதிரியக்கப் பொருளைக் கொண்டு புகையைக் கண்டுபிடிக்கும் வேறு வகை. அதை உடைக்கவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ வேண்டாம், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

மாமனாரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். இரவில் விடாமல் அலறினால் பொய் அலாரம் என்று திரும்பிப் படுக்கக் கூடாது. எல்லோரும் எழுந்து ஒரு சுற்று பார்க்க வேண்டும். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் திறக்காமல் வேறு வழியாக வெளியே வந்து, 101-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906-க்குச் சொல்லுங்கள். கேஸ் கசிவைப் புகை அலாரம் கண்டுபிடிக்காது. அதற்குத் தனிக் கருவி உண்டு. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், அதைத் தரையை ஒட்டித்தான் மாட்ட வேண்டும்.