ஸ்கிரிப்ட் சர்வீஸாக ஓடணும், லாகில் நேரமும் வரணும்: கேள்வி பதில்

லினக்ஸ், சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது), லாக் (புரோகிராம் எழுதும் பதிவு) பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவர் ஊர்ப் பெயரோடு இருக்கும், பெயரில்லாதது என் பதில். மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் நேரம், நடுவில் எழுந்து போவேன், கோபிக்க வேண்டாம்.

தளி: அண்ணா, ரோஜா பாலிஹவுஸில் ஈரப்பதம் படிக்கும் பைத்தான் ஸ்கிரிப்டை ராஸ்பெர்ரி பை 4-ல் நோஹப் (டெர்மினலை மூடினாலும் நிற்காமல் ஓட வைக்கும் கமாண்ட்) போட்டு ஓட்டுகிறேன். கரண்ட் போய் வந்தால் நானே போய் மறுபடி ஓட்டிவிட வேண்டியிருக்கிறது. லாகில் நேரமும் வேண்டும்.

நோஹப்பை விடுங்கள் தம்பி. /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் குடில்.சர்வீஸ் என்று ஒரு ஃபைல் போடுங்கள். சர்வீஸ் பகுதியில் எக்ஸெக்ஸ்டார்ட்= எழுதி பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழுப் பாதை, ரீஸ்டார்ட்=ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக்=10. இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட். அப்புறம் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அடுத்து சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் குடில். அவ்வளவுதான், கரண்ட் வந்தால் தானாக எழும், நடுவில் செத்தாலும் பத்து நொடியில் எழும்.

நேரத்துக்கு ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட வேண்டாம். நீங்கள் பிரின்ட் செய்வதை ஜர்னல் (சிஸ்டம்டி வைத்திருக்கும் லாக்) வாங்கிக்கொண்டு, வாங்கிய நேரத்தைத் தானே குறித்துவிடும். ஜர்னல்சிடிஎல் -யு குடில் -எஃப் என்று அடித்தால் வரவர ஓடும். -ஓ ஷார்ட்-ஐஎஸ்ஓ சேர்த்தால் வருடமும் தெரியும்.

ஆனால் குறிக்கிற நேரம் சரியா? முதலில் டைம்டேட்சிடிஎல் அடித்துப் பாருங்கள். பை 4-ல் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் 4 மணிக்கு வந்தால், கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். நெட் கிடைத்து என்டிபி (நெட் வழியாக நேரம் சரிசெய்வது) திருத்தும் வரை வருகிற வரிகளில் எல்லாம் பொய் நேரம். சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸை எனேபிள் செய்து, யூனிட் பகுதியில் ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட் போட்டால் நேரம் சரியாகும் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும். நெட் வராவிட்டால் ஸ்கிரிப்டும் வராது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தளிப் பக்கம் டவர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதனால் டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டுவதுதான் என் கட்சி.

பாலக்கோடு: கையால் ஓட்டினால் வரிகள் வருகின்றன, சர்வீஸாக ஓட்டினால் லாக் காலி.

பைத்தான்தானே? டெர்மினல் என்றால் வரிக்கு வரி வெளியே விடும், இல்லையென்றால் சுமார் 8 கேபி சேரும் வரை கையில் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு சின்ன வரி எழுதுகிற ஸ்கிரிப்டில் முதல் வரியைப் பார்க்கவே மணிக்கணக்கில் ஆகும். எக்ஸெக்ஸ்டார்டில் பைத்தானுக்குப் பின்னால் -யு சேருங்கள்.

அரூர்: சர்வீஸ் 203/எக்ஸெக் என்று பிழை காட்டி நிற்கிறது.

பாதை தப்பு, அல்லது சிஹெச்மாட் +எக்ஸ் (ஓட்டும் அனுமதி) போடவில்லை, அல்லது விண்டோஸில் எடிட் செய்து முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறது. மூன்றாவது என்றால் டாஸ்2யூனிக்ஸ் ஓட்டுங்கள், அந்த எழுத்து போய்விடும்.

ஓசூர்: லாக் என்றால் யூடிசி-யில்தான் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும். ஐஎஸ்டி-யில் (இந்திய நேரம்) எழுதச் சொல்லிக் கொடுக்காதீர்கள் சார்.

நான் எங்கே சொன்னேன்? ஜர்னல் உள்ளே வைத்திருப்பது 1970-லிருந்து எண்ணிய மைக்ரோ செகண்ட், காட்டும்போதுதான் உள்ளூர் நேரம். யூடிசி வேண்டுமென்றால் --யூடிசி போட்டுப் பாருங்கள்.

போச்சம்பள்ளி: ஓசூர் சார், காலை 6 மணிக்கு மோட்டார் ஓடியதா என்று அப்பா கேட்கிறார். 00:30 என்று காட்டினால் ஒத்துக்கொள்வாரா?

ஓசூர்: அப்பாவுக்காக லாக் எழுதுவதில்லை. நேரம் முன்னே பின்னே நகரும் நாடுகளில் ஒரே மணி இரண்டு தடவை வரும்.

இங்கே நகராதே சார். போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரை ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள், இப்போது அப்படி எதுவும் இல்லை. அதற்காக உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. வெளிநாட்டு சர்வர் லாகையும் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டுமென்றால் யூடிசி-தான். போச்சம்பள்ளிக்காரருக்கு வேறு கஷ்டம்: ராத்திரி 2 மணிக்கு நடந்தது யூடிசி-யில் முந்தின நாள் 20:30, தேதியே மாறிவிடும். டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுகிறவர்கள் எந்த நேரம் எழுதினாலும் பின்னால் +05:30 சேர்த்து எழுதுங்கள், இரண்டு பேரும் படிக்கலாம்.

காவேரிப்பட்டணம்: நோஹப் போட்டால் போதாதா?

மேலே தளிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பென்னாகரம்: ஸ்கிரீன் கமாண்டில் ஓட்டினால்?

ரீபூட் ஆனால் அதுவும் போச்சு. மேலேயே இருக்கிறது.

மொரப்பூர்: லாகில் நேரம் இரண்டு தடவை வருகிறது.

ஸ்கிரிப்டில் நேரம் எழுதுகிற பகுதியை எடுங்கள். அதை விட மனமில்லை என்றால் -ஓ கேட் போட்டுப் படியுங்கள், ஜர்னல் தன் நேரத்தைக் காட்டாது.

தர்மபுரி: ஜர்னலே எஸ்டி கார்டை நிரப்பிவிடுமோ?

டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 4 ஜிபி, அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. சின்ன கார்டு என்றால் ஜர்னல்டி.கான்ஃப்-ல் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=100எம் வையுங்கள்.

காரிமங்கலம்: விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இதையே எப்படி...

அது என் ஏரியா இல்லை.

ஓசூர்: +05:30 சேர்த்தாலும் ஃபைலை வரிசைப்படுத்தும்போது குழம்பும் சார்.

எல்லா வரியிலும் அதே +05:30 இருந்தால் எப்படிக் குழம்பும்? குழம்புகிற ஃபைலில் இரண்டு வரி எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம். கூடவே டைம்டேட்சிடிஎல் என்ன சொல்கிறது என்பதையும்.