ஆட்டுக்குட்டிகளைக் காக்க எந்த ரைஃபிள்?
டெக்சாஸ் பண்ணையில் கொயோட்டிகள் (ஓநாய் மாதிரியான காட்டு விலங்குகள்) குட்டிகளைத் தூக்கிப் போகின்றன, கையில் 700 டாலர்தான், தோட்டா அளவு .223-ஆ .22-250-ஆ என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் .223 ரெமிங்டன் எடுங்கள். .22-250 வேகமானதுதான், ஆனால் தோட்டா விலை கடிக்கும், பயிற்சி குறைந்துவிடும். 200 கஜத்துக்குள் .223 தாராளம். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் ரைஃபிள்கள் இரண்டுமே கொடுத்த காசுக்குக் குறி தப்பாதவை. டிரிகர் நன்றாக இருப்பதால் சாவேஜின் ஆக்சிஸ் 2 என் தேர்வு.

மிச்சப் பணத்தை ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடுங்கள். ஒரு டிசம்பர் விடியலில் என் மலிவு ஸ்கோப்பின் உள்ளே ஆவி படர்ந்து, 80 கஜத்தில் நின்ற கொயோட்டி வெறும் சாம்பல் நிழலாகத் தெரிந்தது. சுடவில்லை.

அப்புறம், 55 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாக்களில் இரண்டு மூன்று வகை வாங்கி 100 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று ஒத்துப்போகும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத திசையில் ஒருபோதும் சுடாதீர்கள்.